ஓடுகிற வண்டியும் ஓடத் தகுந்த வண்டியும்

காலையில் ஒரே உதையில் ஸ்ரார்ட் ஆகிறது. கிண்ணியாவுக்குப் போய் வந்தாலும் வழியில் நிற்பதில்லை, ஒயிலும் குடிப்பதில்லை. அப்படியொரு மோட்டார் சைக்கிளை "நம்பிப் போகலாம்" என்கிறோம். அதே வண்டியை முறையான தகுதிப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் விழுந்துவிடலாம். பின் பிரேக்கை மிதித்தால் எரியும் பிரேக் லைற் முன் பிரேக்கைப் பிடித்தால் எரியாது. ஹாண்டிலைத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் சிக்கும். பின் டயர் நடுவில் வழுக்கை.

வண்டி நின்றுபோகாமல் ஓடுமா என்பது ஒரு கேள்வி. அதற்கான பதிலைத்தான் நம்பகத்தன்மை என்கிறோம். தேவைப்படும்போது நிற்குமா, திரும்புமா, மற்றவர் கண்ணுக்குத் தெரியுமா என்பது இன்னொரு கேள்வி. தகுதிப் பரிசோதனை பார்ப்பது அதைத்தான். புதிதாக வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். பிளக் பழுதானால் வண்டி நின்று நம்மைத் தள்ளவைக்கும், ஆகவே அன்றைக்கே மாற்றிவிடுகிறோம். டிரம்மை உராய்ந்து சில்லை நிறுத்துகிற பிரேக் சூ தேய்ந்தால் வண்டி நின்றுபோவதில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, காலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாக மிதிக்கப் பழகிவிடும். பரிசோதனையில் வண்டியை விழுத்துபவை பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல் வளர்கிற பழுதுகள்தான்.

பிரித்தானியாவில் எம்.ஓ.டி. என்ற ஆண்டுப் பரிசோதனை 1960இல் தொடங்கியது. இப்போது மோட்டார் சைக்கிள் மூன்று வயதைத் தொட்டதும் ஒவ்வோர் ஆண்டும் அதற்குப் போயாக வேண்டும். ஜப்பானில் 250 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு முதலில் மூன்று ஆண்டில் ஒருமுறை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. இலங்கையில் நமது பைக்குகள் ஆண்டுதோறும் போவது புகைப் பரிசோதனைக்கு மட்டும். அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால்தான் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியும். புகைப் பரிசோதனையில் சைலன்சருக்குள் குழாயை விட்டு எஞ்சின் என்ன கக்குகிறது என்று பார்ப்பார்கள். டயர் வழுக்கையா, பிரேக் பிடிக்குமா என்பது அதற்குள் வராது. ஆகவே சான்றிதழ் கையில் இருப்பதால் வண்டி பத்திரமானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மிச்சப் பரிசோதனையை வண்டிக்காரர்தான் செய்துகொள்ள வேண்டும். அரை நாள், இரண்டு ஸ்பானர், டயர் காற்று பார்க்கும் மீற்றர், வோல்ற் பார்க்கும் ஒரு மல்ரிமீற்றர், கூட ஒரு ஆள். இவ்வளவும் போதும்.

திருகோணமலையில் இது இன்னும் அவசியம். முதற்காரணம் வயது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கம்வரை புதிய வண்டிகள் வருவது பெரும்பாலும் அடைபட்டிருந்தது. வீதியில் ஓடுகிற பைக்குகளில் பல முதுமை தட்டியவை. இரண்டாவது காரணம் உப்பு. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே நனைந்துகொள்ளும். மழையில் நனையாத வண்டியும் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ இரவு வெளியில் நின்றால் காலையில் மெல்லிய உப்புநீர்ப் படலத்தோடு நிற்கும். வாடைக் காலத்தில் கடற்பக்கக் காற்று உப்பைக் கொண்டுவரும். கச்சான் வீசும் மாதங்களில் உட்பக்கத்திலிருந்து தூசு வரும், அது செயினிலும் எயார் ஃபில்ரரிலும் அப்பிக்கொள்ளும்.

லைற்

பிரித்தானியப் பரிசோதனையில் மோட்டார் சைக்கிள்கள் அதிகம் விழுவது பிரேக்கில் என்றுதான் பலரும் நினைப்பார்கள். லைற்றும் சிக்னலும்தான் முதலிடம். நமக்கும் அதுதான் பொருந்தும், ஏனென்றால் மின் இணைப்பு எங்கே உண்டோ அங்கே உப்பு போய்ச் சேர்ந்துவிடும்.

பிரேக் லைற்றில் தொடங்குவோம். முன் லீவர், பின் பெடல் இரண்டுக்கும் தனித்தனிச் சுவிட்ச் உண்டு. இரண்டையும் தனித்தனியாக அழுத்தி, பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முன் லீவரின் அடியில் இருக்கிற சிறிய சுவிட்ச்தான் முதலில் சாகும். அதிலிருந்து வரும் இரண்டு வயரையும் கழற்றி, ஒரு துண்டுக் கம்பியால் ஒன்றோடொன்று தொடுத்துப் பாருங்கள். லைற் எரிந்தால் சுவிட்ச்தான் பழுது. எரியாவிட்டால், ஆனால் பின் பெடலுக்கு எரிந்தால், வயரிலோ இணைப்பிலோ பழுது. பின் பெடல் சுவிட்ச் ஒரு சிறு ஸ்பிரிங்கில் தொங்குகிறது. பிரேக்கை இறுக்கிய பிறகு இதையும் சரிசெய்ய மறந்துவிடுவார்கள். பெடல் பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்பே லைற் எரிய வேண்டும். சுவிட்சின் உடலைப் பிடித்துக்கொண்டு அதன் நட்டை மட்டும் திருகினால் சுவிட்ச் மேலே கீழே நகரும். மேலே ஏற்றினால் லைற் சீக்கிரம் எரியும்.

பிரேக்கைப் பிடித்தால் பின் லைற் மங்குகிறது, அல்லது சிக்னல் போட்டால் பின் லைற்றும் சேர்ந்து கண்சிமிட்டுகிறது என்றால் பல்பை மாற்றிப் பிரயோசனமில்லை. அது ஏர்த் பழுது. மின்சாரம் திரும்பிப் போகவேண்டிய வயரோ, மட்காட்டில் போல்ற் பூட்டிய இடமோ துருப்பிடித்திருக்கும். திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பின் வழியாகச் சுற்றிப் போகும். போல்ற்றைக் கழற்றி, உலோகம் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, பூட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசினால் ஓராண்டு தாங்கும். சிக்னல் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போய்விட்டது என்று பொருள்.

ஹெட்லைற் எரிகிறதா என்பதோடு அது எங்கே அடிக்கிறது என்பதும் பார்க்கப்படும். சமதரையில், சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஓட்டுபவர் ஏறி அமர வேண்டும். லைற்றின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று சுவரில் குறியுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் எல்லை அந்தக் குறிக்கு சுமார் 5 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும். மேலே போனால் எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும், அதிகம் கீழே போனால் உங்களுக்கு வீதி தெரியாது. நகரத்துக்குள் இரவில் மான் குறுக்கே வரும், கந்தளாய் தாண்டினால் யானை நிற்கும். ஹபரணை வீதியில் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறது என்பது சின்ன விஷயமல்ல. பழைய பல்ப் இருந்த கூட்டுக்குள் மலிவான எல்.இ.டி. போட்டால் இந்த எல்லைக்கோடே மறைந்து வெளிச்சம் நாலாபக்கமும் சிதறிவிடும். அந்தக் கூட்டின் கண்ணாடி வேறொரு பல்புக்காக வடிவமைக்கப்பட்டது என்பதே காரணம். இப்படிப் பூட்டிய எல்.இ.டி. வாங்கியவருக்கு மட்டும்தான் நல்ல வெளிச்சம்.

பற்றரியை மல்ரிமீற்றரால் பார்க்கலாம். சில மணிநேரம் ஓடாமல் நின்ற பிறகு 12.6 வோல்ற் என்றால் நிறைவு, 12.0க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. எஞ்சினை இரைய விட்டால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். ஏறாமல் 12லேயே நின்றால் சார்ஜ் ஆகவில்லை. 15ஐத் தாண்டினால் வோல்ற்றைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றர் பழுது. அந்த வண்டியில்தான் பல்ப் அடிக்கடி கருகும், பற்றரியும் வீங்கும்.

டயர்

டயரின் பள்ளங்களுக்கு நடுவே சிறிய மேடுகள் இருக்கும். டயரின் ஓரத்தில் ஒரு முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. (TWI) எழுத்தோ அது எங்கே என்று காட்டும். தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. பெரும்பாலான பைக் டயர்களில் அந்த மேடு 0.8 மில்லிமீற்றர். பிரித்தானியச் சட்டம் 1 மில்லிமீற்றர் கேட்கிறது. வாடைமழையில் ஓடுகிற நமக்கு 1.5ஐத் தொட்டதும் மாற்றுவதே புத்தி. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அதிகம் ஓடாத வண்டியின் டயர் தேயாமல் இருந்தும் வெயிலில் வெடிப்பு விட்டிருக்கும். பள்ளம் நிறைய இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

வழுக்கை எங்கே விழுந்திருக்கிறது என்பதும் கதை சொல்லும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், அல்லது நேர் வீதியில் நெடுந்தூர ஓட்டம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் பின் சில்லு கோணலாகப் பூட்டப்பட்டிருக்கலாம். செயின் இறுக்கும்போது இரண்டு பக்கத்துக் குறிகளும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். காற்று எவ்வளவு என்பது செயின் மூடியிலோ பெற்றோல் தாங்கியின் அருகிலோ ஒட்டியிருக்கும். 100 சி.சி. வண்டிகளுக்குப் பெரும்பாலும் முன்னுக்கு 25, பின்னுக்குத் தனியாக 28, ஆள் ஏற்றினால் 32 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். ஓடிச் சூடான டயரில் பார்த்தால் கூடுதலாகக் காட்டும், ஆகவே காலையிலேயே பாருங்கள்.

பிரேக்

டிரம் பிரேக்கில் ஏமாற்றம் அதிகம், ஏனென்றால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. தெரிவதற்கு ஓர் அம்புக்குறி வைத்திருக்கிறார்கள். பெடலை முழுதாக மிதித்தபடி பின் சில்லைப் பாருங்கள். டிரம்முக்கு வெளியே உள்ள பிரேக் கையோடு (கம்பி இழுக்கிற நெம்போடு) திரும்புகிற அம்பு, மூடியில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் சூ முடிந்தது. இறுக்கும் நட்டு புரியின் கடைசிவரை போய்விட்டாலும் அதே பொருள்தான்.

இந்தக் கட்டத்தில் சில கராஜ்களில் ஒரு தந்திரம் செய்வார்கள். பிரேக் கையைக் கழற்றி, ஒரு பல் தள்ளித் திரும்பப் பூட்டினால் நட்டுக்கு மறுபடி இடம் கிடைக்கும். பிரேக் புதிதுபோல் பிடிக்கும். ஆனால் சூ புதிதாகவில்லை. உள்ளே சூக்களை விரிக்கிற கேம் அதிகம் திரும்பத் தொடங்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் அது குத்துநிலைக்கு வந்து, திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும். ஓடும்போது சில்லு பூட்டிக்கொண்டால் விழவும் கூடும். சூ ஒரு சோடியின் விலையை மிச்சம் பிடிக்கச் செய்கிற வேலையிது. கண்ணால் கண்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூ மாற்றும்போது டிரம்மின் உள்ளேயும் பாருங்கள். உச்ச விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும், 130 மில்லிமீற்றர் டிரம்முக்குப் பொதுவாக 131. அதற்குமேல் தேய்ந்த டிரம்மில் புதிய சூவும் சரியாகப் படியாது. தூசை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

டிஸ்க் பிரேக்கில், டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பாட்டின் (பிரேக் பாட்) தடிப்பு கண்ணுக்குத் தெரியும். நடுவிலுள்ள கோடு மறைந்தாலோ 1.5 மில்லிமீற்றருக்குக் கீழே போனாலோ மாற்ற வேண்டும். இரண்டு பாட்டும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் பலர் பார்க்காமல் விடுவது. ஒன்று தடிப்பாகவும் மற்றது இரும்பு வரையும் தேய்ந்திருந்தால் பாட்டை அழுத்துகிற கலிப்பர் நகர்கிற ஊசிகள் உப்பில் இறுகிவிட்டன. பாட் மட்டும் மாற்றினால் அதே கதை மறுபடி நடக்கும். ஊசிகளைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே வருகிற சிலிக்கோன் கிறீஸ் பூச வேண்டும். சாதாரண கிறீஸ் ரப்பரை ஊதச்செய்யும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிப்பும் அதன்மேலேயே பொறித்திருக்கும்.

பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டொட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். பிரட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறி, இருவரோடு பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி இறங்கும்போது லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்றோ நீராவியோ புகுந்துவிட்டது. தேநீர் நிறத்துக்கு மாறிய ஒயிலை மாற்றுங்கள், மாறாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். போத்தலைத் திறந்து வைத்து அடுத்த ஆண்டுக்கு மிச்சம்பிடிக்க வேண்டாம். பெயின்ரில் பட்டால் உரித்துவிடும், உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

ஹாண்டில், ஃபோர்க், சில்லு

சென்ரர் ஸ்ராண்டில் ஏற்றி, ஒருவர் பின் சீற்றை அமுக்கினால் முன் சில்லு தரையை விடும். ஹாண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமிருந்து வலம் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் "டொக்" என்று நின்று போனால் கோன் செட்டில் (ஹாண்டில் திரும்புகிற பெயரிங்கில்) குண்டுகள் குழி பறித்துவிட்டன. நேர் வீதியில் வண்டி இலேசாகத் தள்ளாடுவது அதனால்தான். இறுக்கினால் போகாது, மாற்றத்தான் வேண்டும். அடுத்து ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்பின் அசையுங்கள். ஆட்டம் இருந்து குழி இல்லையென்றால் இறுக்குவது போதும். பின்பு சில்லை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் பெயரிங் ஆட்டம் தெரியும். பின் சில்லிலும் அப்படியே, ஆனால் அங்கே ஆடுவது பெயரிங்கா, பின் சில்லைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் புஷ்ஷா என்று பிரித்தறிய வேண்டும். ஸ்விங் ஆர்மையே பிடித்து அசைத்துப் பாருங்கள்.

கம்பிச் சில்லென்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால் தட்டிக்கொண்டே போங்கள். இறுக்கமான கம்பி கிணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். ஃபோர்க் குழாயில் ஒயில் வளையம் தெரிந்தால் சீல் கசிகிறது. நமது ஊரில் சீல் தானாகத் தேய்வது அரிது. குரோம் குழாயில் உப்பு குத்திய சிறு துருப்புள்ளிகள் அதை அரம்போல் கிழிக்கின்றன. புள்ளியை மெல்லிய உப்புத்தாளும் ஒயிலும் கொண்டு மட்டமாக்காமல் புதுச் சீல் போட்டால் சில மாதத்தில் அதே கசிவு. கசிந்த ஒயில் பிரேக்கில் பட்டால் பாட்டும் போய்விடும்.

செயின்

பொதுவாக 428 அளவுச் செயினில் ஓர் இணைப்பு 12.7 மில்லிமீற்றர். 20 இணைப்புக்கு 254. அதை இழுத்துப் பிடித்து அளந்து 259ஐத் தாண்டினால் ஆயுள் முடிந்தது. அளவுகோல் இல்லையென்றால் பின் பற்சக்கரத்தின் நடுவில் செயினைப் பின்னுக்கு இழுங்கள். பல்லின் பாதிக்குமேல் வெளியே தெரிந்தால் அதே முடிவு. செயினை மட்டும் மாற்றுவது வீண் செலவு, கொக்கிபோல் வளைந்த பற்கள் புதிய செயினை விரைவில் தின்றுவிடும். தளர்வு பெரும்பாலான சிறிய வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீற்றர். செயினின் இணைப்பைப் பூட்டுகிற லொக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஒருநாள் கழன்று போகும்.

புகைப் பரிசோதனைக்கு முன்

காபன் மொனொக்சைட் அதிகம் என்று வந்தால் பெற்றோல் தேவைக்கு மேல் போகிறது. எயார் ஃபில்ரர் அடைப்பு, சோக் முழுதாகத் திரும்பாமை, காபரேற்றர் ஊசி தேய்வு என்ற வரிசையில் பாருங்கள். ஐதரோகாபன் அதிகம் என்றால் பெற்றோல் எரியாமல் வெளியேறுகிறது. பழைய பிளக்கோ, வால்வு இடைவெளியோ, தப்பிப் பற்றுகிற தீப்பொறியோ காரணமாகலாம். பிளக் இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 0.6 முதல் 0.9 மில்லிமீற்றருக்குள் இருக்கும். நீலப்புகை ஒயில் எரிவது. காலையில் ஸ்ரார்ட் செய்யும்போது மட்டும் வந்தால் வால்வு சீல், வேகம் கொடுக்கும்போது வந்தால் பிஸ்டன் வளையம். குளிர் காலையில் சிறிது வெள்ளையாக வந்து மறைவது வெறும் நீராவி.

சைலன்சரின் அடிப்பக்கம் ஓட்டை விட்டிருந்தால் வெளிக்காற்று கலந்து அளவீடே பிழைக்கும், அதை முதலில் ஒட்டிவிடுங்கள். தொழிற்சாலையிலேயே வைத்த சிறு நீர்வடி துவாரத்தை ஓட்டை என்று நினைத்து அடைக்க வேண்டாம். அன்றைக்கு வண்டியைக் குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிக் கொண்டுபோங்கள். ஒயில் மாற்றுவதாயிருந்தால் பரிசோதனைக்கு முன்பே மாற்றுங்கள், பழைய ஒயிலில் கரைந்த பெற்றோல் ஆவியாகி அளவைக் கூட்டும். மோட்டார் சைக்கிளுக்கென்று ஜாசோ எம்.ஏ. (JASO MA) என்ற ஜப்பானியத் தரக்குறியுள்ளதை வாங்குங்கள். காருக்கான ஒயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் உண்டு, ஒயிலில் மூழ்கியிருக்கிற கிளட்ச் அதனால் வழுக்கத் தொடங்கும்.

கையில் இருக்கும் காசு எல்லாவற்றுக்கும் போதாது என்றால் டயரும் பிரேக்கும் முதலில், அதோடு பிரேக் லைற், பிறகு கோன் செட், பிறகு செயின். கண்ணாடி, ஹோன், இலக்கத் தகடு போன்றவை மலிவு, ஒரே மாலையில் முடியும். வாடை ஓய்ந்த பிறகு, தை மாசி வாக்கில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் மழையும் உப்பும் செய்த சேதம் முழுவதும் தெரியும். மாற்றிய பொருள், திகதி, கிலோமீற்றர் மூன்றையும் பக்க மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். கொப்பி தொலையும், மூடி வண்டியோடேயே இருக்கும்.